கொடுவா ஆற்று மீனா, கடல் மீனா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கழிமுக மீன்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பில் கொடுவாவுக்கு இரண்டே வரிகள் ஒதுக்கியிருந்தோம். அது போதாது என்று பழையாறு தொடங்கி முத்துப்பேட்டை வரையுள்ள வாசகர்கள் எழுதிவிட்டார்கள். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு மீனுக்கே கொடுத்திருக்கிறோம்.

கே: கொள்ளிடத்தில் அணைக்கரைக்குக் கீழே, உப்பே கரிக்காத தண்ணீரில் கொடுவா பிடித்திருப்பதாக என் மாமனார் சொல்கிறார். நாகப்பட்டினம் ஏலக்கூடத்திலோ அதைக் கடல் மீன்களோடு வைத்து விற்கிறார்கள். இது ஆற்று மீனா, கடல் மீனா? (வாசகர், காட்டுமன்னார்கோவில்)

ப: உங்கள் மாமனார் சொல்வதும் சரி, ஏலக்கூடத்தில் செய்வதும் சரி. கொடுவா உப்புத் தண்ணீரில் பிறந்து, உவர்நீரிலும் நன்னீரிலும் வளர்ந்து, இனம் பெருக்க மறுபடியும் உப்புத் தண்ணீருக்கே திரும்பும் மீன். அதன் முட்டை பொரிவதற்குக் கடல்நீருக்கு ஏறத்தாழ இணையான உப்பு, அதாவது லிட்டருக்கு 28 முதல் 35 கிராம் வரை தேவைப்படுகிறது. அதனால் ஆற்றுக்குள் முட்டையிட்டால் பயனில்லை. நடுக்கடலில் இட்டாலோ பொரிந்த குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முகத்துவாரத்தைத்தான் அது தேர்ந்தெடுக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், பொழுது சாய்ந்த பிறகு கடல் ஏற்றம், அதாவது ஓதம், உள்ளே வரும் நேரமாகப் பார்த்து முட்டையிடுவதால், மிதக்கும் முட்டைகளையும் அவற்றிலிருந்து வெளிவரும் குஞ்சுகளையும் ஓதமே காயலுக்குள்ளும் அலையாத்திக் காட்டின் ஓடைகளுக்குள்ளும் கொண்டு சேர்த்துவிடுகிறது. நீரின் வெப்பம் 28 முதல் 30 டிகிரி வரை இருந்தால் ஒரு நாளுக்குள்ளாகவே முட்டை பொரிந்துவிடும். அப்போது குஞ்சின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

அந்தக் குஞ்சு சதுப்பிலும் ஓடையிலும் சில வாரங்கள் தேறி, விரல் நீளம் வந்ததும் ஆற்றை நோக்கி நகரத் தொடங்குகிறது. வழி திறந்திருந்தால் நெடுந்தொலைவு மேலே ஏறி, நன்னீரிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கும். மூன்று அல்லது நான்கு வயதில் இனப்பெருக்கத்துக்குத் தயாரானதும் கீழ்நோக்கி இறங்கும். உங்கள் மாமனார் பிடித்தது வளரும் பருவத்து மீனாக இருந்திருக்கும். ஏலத்துக்கு வருவதில் பெரும்பகுதி முகத்துவாரத்திலும் கரையோரக் கடலிலும் வலையில் விழுந்தது. ஒருகாலத்தில் காவிரியில் ஏறிவந்த உல்லம் இதற்கு நேர் எதிரான வழக்கம் உடையது: அது கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடும். ஆறும் கடலும் கூடும் இடத்தை நம்பி வாழ்வதில் மட்டும் இரண்டும் ஒன்று.

கே: பெரிய கொடுவாவை அறுத்தால் சினை இருக்கிறது, அல்லது சினைப்பை காலியாக இருக்கிறது. பெரிய மீனில் ஆணை நான் பார்த்ததே இல்லை. ஆண் மீன்கள் எங்கே போகின்றன? (வாசகி, நாகூர்)

ப: வந்த கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான், அடுப்படியில் நின்று மீன் அறுப்பவருக்குத்தான் இது தோன்றும். ஆண் மீன்கள் எங்கும் போகவில்லை. அவையேதான் பெண் மீன்களாகிவிடுகின்றன.

கொடுவா முதன்முறையாக முதிரும்போது ஆணாகவே முதிர்கிறது. ஓரிரு பருவங்களோ அதற்கு மேலோ ஆணாக இனப்பெருக்கத்தில் பங்கேற்ற பிறகு, ஆறு முதல் எட்டு வயதுக்குள், உடல் 80 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை நீளும் கட்டத்தில், அதன் விந்துப்பை சுருங்கி அவ்விடத்தில் சினைப்பை உருவாகிவிடுகிறது. அடுத்த பருவத்துக்கு அது பெண்ணாக வருகிறது. தொடக்கத்திலேயே பெண்ணாக முதிரும் சில மீன்களும் ஆசியாவில் பதிவாகியிருக்கின்றன என்றாலும், பொது வழக்கம் நான் சொன்னதுதான். ஆகவே சிறிய கொடுவாவை அறுத்தால் வெண்ணிற விந்துப்பையையும், ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் இருப்பதை அறுத்தால் சினையையும் காண்பது இயல்பே.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. விந்தை உண்டாக்கப் பெரிய உடல் தேவையில்லை, முட்டைக்கு அது தேவை. ஏழெட்டுக் கிலோ எடையுள்ள பெண் மீன் பல லட்சம் முட்டைகளையும், 22 கிலோ எடையுள்ள மீன் ஒன்றேமுக்கால் கோடியை நெருங்கும் அளவுக்கு முட்டைகளையும் சுமப்பதாக மீன்வளர்ப்புக் கையேடுகள் குறிக்கின்றன. வயிறு பெரிதாகப் பெரிதாக முட்டை கூடுகிறது என்றால், சிறிய வயதை ஆணாகவும் பெரிய வயதைப் பெண்ணாகவும் கழிப்பதே அந்த இனத்துக்கு லாபம். காலா மீன் வகைகளிலும் இதே வழக்கம் உண்டு. களவா மீன்களிலோ இது தலைகீழ்; அவை பெண்ணாகத் தொடங்கி ஆணாக முடிகின்றன.

இதிலிருந்து மீன்பிடிப்புக்கு ஒரு சங்கடம் பிறக்கிறது. மற்ற மீன்களில் குஞ்சைப் பிடிக்காதே, பெரியதைப் பிடி என்று சொல்லி முடித்துவிடலாம். கொடுவாவில் பெரியதை மட்டும் தேடிப் பிடித்தால் தாய் மீன்கள் தீர்ந்துபோகும்; சிறியதை மட்டும் பிடித்தால் நாளைய தாயாகும் ஆண்கள் தீர்ந்துபோகும். இதே மீனைப் பாராமண்டி என்ற பெயரில் கொண்டாடும் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலம் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி செய்திருக்கிறது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ளது மட்டும் அடுப்புக்கு என்பது நியாயமான ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது. வாங்குபவர்கள் தாமாகவே இரண்டு கிலோ முதல் ஐந்தாறு கிலோ வரையுள்ள மீனோடு நின்றுகொண்டால் ருசியிலும் குறை வராது. மிகப் பெரிய கொடுவாவின் சதை எப்படியும் சற்று முரடு.

கே: எங்கள் ஊர் வடிகால் கதவணைக்குக் கீழே அந்தி நேரத்தில்தான் கொடுவா தூண்டிலில் சிக்குகிறது, பகலில் அசைவதே இல்லை. எப்படி இரை பிடிக்கிறது, ஏன் அந்த நேரம்? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

ப: வஞ்சிரம் துரத்திப் பிடிக்கும் மீன், கொடுவா காத்திருந்து பிடிக்கும் மீன். அதன் வால் பிளவுபடாமல் அகன்று வட்டமாக இருப்பதைப் பாருங்கள். நீண்ட தூரம் ஓடுவதற்கான வால் அல்ல அது, நின்ற இடத்திலிருந்து ஒரே உந்தலில் பாய்வதற்கானது. அலையாத்தியின் வேர், பாலத்தூண், விழுந்து கிடக்கும் மரம் என நிழலும் மறைவும் உள்ள இடத்தில், நீரோட்டத்தின் விளிம்பில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மடவையோ இறாலோ எட்டும் தொலைவுக்கு வந்ததும், கண்ணுக்குப் பின்புறம் வரை நீண்டிருக்கும் அந்த வாய் சட்டென்று விரிய, செவுள் மூடிகளும் புறம் தள்ளி உள்ளே பெரிய வெற்றிடம் உண்டாகிறது. அவ்விடத்துத் தண்ணீர் இரையோடு சேர்த்து உள்ளே இழுக்கப்படுகிறது. கதவணையின் கல்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருட்டில் கேட்கும் அந்தப் ‘பொளக்’ என்ற ஓசை, பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு அருகில் நடக்கும் இந்த உறிஞ்சலால் எழுவது. கடித்துக் கிழிக்கும் பற்கள் அதற்கு இல்லை. தாடையில் விரலை ஓட்டிப் பார்த்தால் உப்புத்தாளைத் தேய்த்ததுபோல் சொரசொரக்கும் நுண்பற்கள்தான் இருக்கின்றன. இரையை நழுவவிடாமல் பிடித்து முழுசாக விழுங்குவதற்கு அவை போதும்.

அந்திநேரம் அதற்குச் சாதகமானது. கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் ஓர் அடுக்கு இருப்பதால், மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் இரையைவிடக் கொடுவாவுக்குப் பார்வை கூடுதல். இரவில் டார்ச் அடித்தால் அந்தக் கண் சிவப்பும் பொன்னுமாக மின்னுவது இதனால்தான். போதாததற்கு, நீரின் அதிர்வை உணரும் பக்கக்கோடு உடலோடு நின்றுவிடாமல் வால் துடுப்பு வரை ஓடுகிறது.

கதவணைக்குக் கீழே ஏன் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. மழை பெய்து வயல் வடியும்போது ஷட்டரின் இடுக்கில் பீறிட்டு வரும் தண்ணீரோடு இறாலும் பொடி மீனும் நிலை தடுமாறி வந்து விழும். மேலே ஏற முயலும் மடவைக் குஞ்சுகளும் அங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கும். பாய்ச்சலுக்குள் நிற்காமல் அதன் ஓரத்துச் சுழலில் நின்றால் கொடுவாவுக்குச் செலவில்லாத சாப்பாடு. நீங்கள் தூண்டில் போடும்போதும் நடுப்பாய்ச்சலை விட்டுவிட்டு அந்த ஓரத்தையே குறிவையுங்கள். இரை உயிரோடு இருக்க வேண்டும். வாய்க்குள் தூண்டில் ஏறியதும் தண்ணீரை விட்டு எகிறித் தலையை உதறும் என்பதால் தூண்டில் நரம்பைத் தளரவிட்டால் மீன் போய்விடும்.

இரையைப் பற்றி ஒரு கூடுதல் செய்தி: விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போது சிறிதளவு மிதவை உயிரிகளையும் தின்னும், 20 செ.மீ. கடந்த பிறகு முழுக்க முழுக்க இறைச்சிதான். அந்த அளவில் இறால், நண்டு வகைகளே முக்கால் பங்கு. வளர வளர மீன் கூடிக்கொண்டே போகும்.

கே: எங்கள் பண்ணைக்குட்டை முழுவதும் ஜிலேபி மீன் பெருத்துவிட்டது. விரால் விடலாமா, கொடுவா விடலாமா? கொடுவா பல்கிவிட்டால் என்ன செய்வது? (வாசகர், மன்னார்குடி)

ப: ஜிலேபியைக் கட்டுப்படுத்த இரண்டுமே உதவும். கொடுவாவுக்கு ஒரு வசதி, அது உங்கள் குட்டையில் பல்கவே பல்காது. முதல் பதிலில் சொன்னபடி முட்டைக்குக் கடல் உப்பு வேண்டும். கொடுவாவின் உறவான நைல் பெர்ச் மீனை 1950களில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் விட்டதும், அது அங்கேயே பெருகி அந்த ஏரிக்கே உரிய சிறு மீனினங்கள் பலவற்றைத் தீர்த்துக்கட்டியதும் உண்மைதான். ஆனால் அது நன்னீரிலேயே முட்டையிடும் இனம். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. கொடுவாக் குஞ்சு தன் இனத்தையே தின்னும்; தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை உள்ள உடன்பிறப்பை விழுங்கிவிடும். பொரிப்பகங்களில் சில நாட்களுக்கு ஒருமுறை குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரித்து வேறு வேறு தொட்டிகளில் விடுவது இதற்காகவே. ஆகவே ஒன்றுக்கொன்று ஒத்த அளவில், மூன்று நான்கு அங்குலம் வளர்ந்ததை மட்டும் வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் வளர்ந்த குஞ்சை நேராகக் குட்டையில் கொட்டாமல், சில நாட்கள் உப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்கித் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஜிலேபியைக் குஞ்சால் தொட முடியாது. அவற்றை வலை போட்டு எடுத்துவிட்டு, அதன் பொடிக் குஞ்சுகள் இருக்கும் தண்ணீரில் கொடுவாவை விட்டால் தீனிச் செலவு பெருமளவு மிஞ்சும். நன்றாக இரை கிடைத்தால் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு கிலோ எட்டும். விராலோடு சேர்த்து விடாதீர்கள். விரால் வறண்ட கோடையில் சேற்றிலும் மூச்சுவிட்டுப் பிழைத்துக்கொள்ளும், கொடுவாவால் முடியாது. பங்குனி, சித்திரையில் வற்றும் குட்டையாக இருந்தால் விராலே உங்களுக்கு ஏற்றது.

இந்தியாவில் கொடுவாவைச் சிறைப்பிடித்த நிலையில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், ஆண்டு 1997. இன்று முட்டுக்காட்டிலுள்ள அதன் நிலையம் தவிர, சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையமும் தொடுவாயில் கொடுவாப் பொரிப்பகம் நடத்துகிறது. உங்களுக்குப் பக்கம் அதுதான்.

கே: சந்தையில் நல்ல கொடுவாவை எப்படிப் பார்த்து வாங்குவது? வளர்ப்பு மீனில் மண்வாடை அடிக்கிறதே? (வாசகி, கும்பகோணம்)

ப: கண் குழியாமல் தெளிவாகவும், செவுள் சிவந்தும், சதையை அழுத்தினால் பள்ளம் நிற்காமலும் இருக்க வேண்டும் என்பது எல்லா மீனுக்கும் பொருந்தும் விதியே. மண்வாடை, குட்டையின் பாசியிலும் நுண்ணுயிரிகளிலும் உண்டாகும் ஒரு வேதிப்பொருள் கொழுப்பில் ஏறுவதால் வருவது. அறுவடைக்கு முன் சில நாட்கள் ஓடும் சுத்த நீரில் பட்டினி போட்டு வைத்தால் போய்விடும். உவர்நீர்க் குளத்து மீனில் பொதுவாக இது குறைவு. வீட்டில் செய்யக்கூடியது, தோலுக்கு அடியிலும் வயிற்றுப் பக்கத்திலும் உள்ள கொழுப்பை வழித்துவிட்டுப் புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவைப்பது. முள் குறைந்து, வெள்ளையாக, பெரிய இதழ்களாகப் பிரியும் சதை என்பதால் குழம்பு கொதித்து அடங்கும் நேரத்தில் துண்டுகளைப் போட்டால் போதும். மாங்காய் போட்ட குழம்புக்குத் தலையைத் தனியே எடுத்து வையுங்கள்.

கே: கொடுவாவுக்கு அறிவியல் பெயர் வைத்தவருக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு என்று ஆசிரியை சொன்னார். உண்மையா? (பள்ளி மாணவி, தரங்கம்பாடி)

ப: உண்மை. அந்தப் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். 1790இல் அந்த இனத்தை முதன்முதலாக விவரித்தவர் பெர்லினைச் சேர்ந்த மருத்துவர் மார்க்கஸ் பிளாக். உங்கள் ஊரில் இருந்த டேனிஷ் மிஷனின் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இந்தக் கரையின் மீன்களைச் சேகரித்து அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நன்றிக்காகக் கத்தாளை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ஜோனியஸ் என்று பிளாக் பெயரிட்டார். உங்கள் ஆசிரியைக்கு எங்கள் பாராட்டு.

கே: முன்புபோல் கொடுவா வருவதில்லை. விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை இருந்தும் பயனில்லையே? (மீனவ வாசகர், முத்துப்பேட்டை)

ப: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடக்கும் அந்தத் தடை, கடலில் இழுவலை போடும் விசைப்படகுகளைக் கருதிப் போடப்பட்டது. கொடுவாவின் தலையெழுத்து தீர்மானமாவது கடலில் அல்ல, கடைமடையில். ஆகவே உங்கள் ஏமாற்றத்துக்கு இடமுண்டு.

கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது 1836இல். மேட்டூர் அணை 1934இல். முதலாவது மீன் மேலே ஏறும் வழியை அடைத்தது. இரண்டாவது, கீழே வரும் தண்ணீரின் அளவையும் காலத்தையும் மாற்றியது. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுகிறது. அதன் பிறகு பாமணியாறு, கோரையாறு போன்றவற்றின் கடைசிப் பகுதிக்கு நன்னீர் வரத்தே இராது. ஓட்டம் இல்லாத முகத்துவாரத்தைக் கடல் மணல் போட்டு மூடுகிறது, காயலின் உப்போ கோடையில் கடலையே மிஞ்சிவிடுகிறது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்திலும் உப்புநீர் வயலுக்கு ஏறாமல் தடுக்கக் கட்டிய நீரொழுங்கிகளின் கதவு இறங்கியிருந்தால் விரல் நீளக் கொடுவாவுக்கு ஆறு இல்லை. இவற்றோடு 1990களில் இறால் பண்ணைகள் பெருகின. அவற்றைக் குறித்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. ஆனால் அதற்குள் பல இடங்களில் கரையோரத்துத் தாழ்நிலங்கள் குளங்களாகியிருந்தன.

நீரொழுங்கிகளை எடுத்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். அவை இல்லாவிட்டால் கடைமடையில் சம்பா இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை வடிந்து முடிந்ததும் கதவை அடியோடு இறக்காமல், ஆற்றில் நன்னீர் அழுத்தம் இருக்கும் நாட்களில், அமாவாசை பௌர்ணமி ஏற்றத்தின்போது சில மணி நேரம் ஓரடி தூக்கி வைப்பதை விவசாயிகளும் மீனவர்களும் நீர்வளத் துறையோடு உட்கார்ந்து பேசலாம். மீன் குஞ்சுகளுக்காக மதகுக் கதவுகளை இப்படி இயக்கும் முறையை வங்கதேசத்தில் முயன்று பார்த்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அலையாத்திக் காட்டுக்குள் வெட்டிய வாய்க்கால்களில் ஏற்றத்தோடு வரும் மீனைப் பிடிக்கும் முறை தலைமுறைகளாக இருக்கிறது. அந்த வாய்க்கால்களில் தலைமேல் வெள்ளைக் கோடு உள்ள கொடுவாக் குஞ்சுகள் கிடைத்தால் திரும்ப விட்டுவிடுவது உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்தக் கோடு வளர்ந்த பிறகு மறைந்துவிடும் என்பதால் அடையாளம் தவறாது.

கே: கொடுவாவைக் கையாளும்போது கை கிழிந்துவிட்டது. விஷமா? (வாசகர், வேளாங்கண்ணி)

ப: விஷம் இல்லை. செவுள் மூடியின் விளிம்பு கத்திபோல் கூரானது, அதற்கு முன்னால் ஒரு முள்ளும் உண்டு. மீன் தலையை உதறும்போது இரண்டும் அறுக்கும். காயத்தைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்தாண்டு ஆகியிருந்தால் மருத்துவரிடம் காட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் உவர்நீரில் பட்ட காயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. வீக்கமும் காய்ச்சலும் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடுத்த முறை செவுளில் கைவிட்டுத் தூக்காமல், ஈரத்துணியைச் சுற்றிக் கீழ்த்தாடையைப் பிடியுங்கள்.